முதுகுத்தண்டு ஆராய்ச்சிக்குக் காசு கொடுப்பதென்றால் எதற்குக் கொடுப்பது?

கேள்வி, செந்தூலில் உள்ள இளைஞர் மன்றம் ஒன்றின் செயலாளரிடமிருந்து: சாப்பாடு டெலிவரி செய்துகொண்டிருந்த எங்கள் மன்றத்துப் பையன் ஒருவன் போன ஆண்டு ஃபெடரல் ஹைவேயில் மோட்டாரோடு விழுந்து, நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லாமல் கிடக்கிறான். அவனுக்காக முப்பதாயிரம் வெள்ளி திரட்டியிருக்கிறோம். தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தலோடு உண்டியலும் வைக்கப்போகிறோம். வெளிநாட்டு ஸ்டெம் செல் கிளினிக்குக்கு அனுப்பலாம் என்கிறார்கள் சிலர். ஒரு பகுதியை இங்கேயே ஆராய்ச்சிக்குக் கொடுத்தால் அவனைப் போன்ற பலருக்கு உதவுமே என்கிறார்கள் வேறு சிலர். எது சரி? மலேசியாவில் இதற்கெல்லாம் யார் காசு கொடுக்கிறார்கள்?

பதில்:

தம்பி, கிளினிக் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். அனுப்பாதீர்கள்.

ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்லாக வளரக்கூடிய மூலச்செல். அந்த ஆராய்ச்சியே பொய் என்று நான் சொல்லவில்லை. ஜப்பானில் கெய்யோ பல்கலைக்கழகத்தார் ஐ.பி.எஸ். செல்களிலிருந்து (சாதாரண உடற்செல்லைப் பின்னுக்குத் திருப்பி ஸ்டெம் செல் ஆக்கியவை) வளர்த்த நரம்புச் செல்களை நான்கு பேரின் தண்டுவடத்தில் செலுத்தி, 2025 மார்ச்சில் முடிவைச் சொன்னார்கள். பெரிய பக்கவிளைவு யாருக்கும் இல்லை. நால்வரில் இருவருக்கு அசைவில் முன்னேற்றம் தெரிந்தது, அதில் ஒருவரால் எழுந்து நிற்க முடிந்தது. நல்ல செய்திதான். ஆனால் அந்த நால்வருக்கும் செல் போனது அடிபட்ட இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள். அந்த நேரத்தில் உடம்பு தானாகவே கொஞ்சம் தேறுவதும் உண்டு. பக்கத்தில் வைத்து ஒப்பிட இன்னொரு குழு இல்லாததால், எவ்வளவு செல்லால் வந்தது, எவ்வளவு தானாக வந்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. உங்கள் பையனுக்கு ஓர் ஆண்டு கடந்துவிட்டது. அந்தச் சோதனையின் வாசலில்கூட அவனை நிற்க விடமாட்டார்கள்.

காசு வாங்கிக்கொண்டு ஊசி போடும் கிளினிக்குகள் வேறு ரகம். போர்ச்சுகலின் லிஸ்பனில் மூக்குச் சவ்விலிருந்து எடுத்த திசுவைத் தண்டுவடத்தில் வைத்துக்கொண்ட இளம்பெண் ஒருவருக்கு எட்டு ஆண்டு கழித்து முதுகுவலி வந்தது. திறந்து பார்த்தபோது உள்ளே சளி போன்ற திரவத்தைச் சுரக்கும் கட்டி வளர்ந்திருந்தது. 2014-இல் மருத்துவ இதழில் பதிவான சம்பவம் இது. ஆஸ்பத்திரியில் முறையாக நடந்த முயற்சிக்கே இந்தக் கதி. விளம்பரம் போட்டு ஆள் பிடிக்கும் கிளினிக், எட்டு ஆண்டு கழித்து உங்களைத் தேடி வந்து ஸ்கேன் எடுக்குமா?

நம் சுகாதார அமைச்சு, இரத்த நோய்களுக்கான மாற்றுச் சிகிச்சை போன்ற சிலவற்றைத் தவிர, மற்ற ஸ்டெம் செல் சிகிச்சையை ஆராய்ச்சி என்றுதான் கருதுகிறது. ஆராய்ச்சி என்றால் தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டில் எண் இருக்க வேண்டும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கையில் இருக்க வேண்டும். முறையான சோதனையில் சேருகிறவரிடம் சோதிக்கிற மருந்துக்குக் காசு கேட்கவே மாட்டார்கள். பல்லாயிரக்கணக்கில் கேட்கிறார்கள் என்றால் அது எந்தக் கடை என்று அப்போதே தெரிந்துவிடும்.

இனி ஆராய்ச்சிக்கு வருவோம். நான் கோலாலம்பூரில் பிசியோவாகப் பல ஆண்டு வேலை பார்த்தவன். ஆராய்ச்சி விண்ணப்பங்களைப் படித்துக் கருத்துச் சொல்லும் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், பலருக்கு இது பிடிக்காது: மறுபடி நடக்க வைக்கும் ஆராய்ச்சிக்கு உங்கள் காசு போக வேண்டாம். மூத்திரப்பை, தோல், கை, இந்த மூன்றின் பக்கம் போகட்டும்.

நடக்க வைக்கும் ஆராய்ச்சிக்கு முப்பதாயிரம் வெள்ளி என்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அமெரிக்காவில் ஜெரோன் என்ற நிறுவனம் 2010-இல் முதன்முதலாகக் கரு ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த செல்களை மனிதத் தண்டுவடத்தில் சோதிக்கத் தொடங்கியது. கலிபோர்னியா மாநிலத்தின் ஸ்டெம் செல் நிதியம் 25 மில்லியன் டாலர் கடன் தர ஒத்துக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் 2011 நவம்பரில் ஜெரோன் அந்தக் கடையைச் சாத்திவிட்டது. நோயாளிகளுக்குத் தீங்கு நேர்ந்ததால் இல்லை. இருக்கிற காசைப் புற்றுநோய் மருந்துப் பக்கம் திருப்பலாம் என்று முடிவுசெய்துவிட்டார்கள். பிறகு வேறொரு நிறுவனம் அந்த வேலையை எடுத்து, அதே மாநில நிதியம் 2014-இல் 14.3 மில்லியன் டாலர் கொடுத்த பின்தான் வண்டி நகர்ந்தது. மில்லியன் கணக்கில் போட்டவர்களுக்கே பாதி வழியில் மூச்சு முட்டும் வேலை அது.

காசு ஒரு பக்கம் இருக்கட்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று யாராவது கேட்டார்களா? கேட்டார்கள். கிம் ஆண்டர்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர், தாமும் தண்டுவடம் அடிபட்டவர், 681 பேரிடம் ‘எந்த ஒரு செயல் திரும்பினால் உங்கள் வாழ்க்கை மிகவும் மாறும்’ என்று கேட்டு 2004-இல் வெளியிட்டார். கழுத்தில் அடிபட்டவர்கள் அதிகம் பேர் கையைச் சொன்னார்கள். அதற்குக் கீழே அடிபட்டவர்கள் தாம்பத்திய உறவைச் சொன்னார்கள். மூத்திரம், மலம், இரத்த அழுத்தத் தொல்லை இரண்டு கூட்டத்தாருக்கும் மேல்வரிசையில் இருந்தது. நடை முதலிடத்தில் வரவில்லை. நடக்கிறவர்களாகிய நாம்தான் நடையை முதலிடத்தில் வைத்துக் காசு சேர்க்கிறோம்.

தோலைச் சொன்னேன் அல்லவா? சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் 1995-இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவிழந்தார். அவர் பெயரில் உள்ள அறக்கட்டளை மறுபடி நடக்கும் நாளுக்காக உலகெங்கும் நிதி திரட்டியது. 2004 அக்டோபரில் அவர் இறந்தபோது உடம்பில் இருந்தது, படுக்கைப்புண்ணில் தொடங்கிய கிருமித் தொற்று. இருபத்துநான்கு மணி நேரமும் தாதியர் பக்கத்தில் இருந்தவருக்கே இப்படி. நம் பையன் ஃப்ளாட்டில் அம்மாவோடு இருக்கிறான்.

மூத்திரப்பை விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் சின்னக் காசில் பெரிய மாற்றம் வந்த இடம் இதுதான். ஒரு காலத்தில் தண்டுவடம் அடிபட்டவர்களைக் கொன்றது பெரும்பாலும் சிறுநீரகச் செயலிழப்பு. பை காலியாகாமல் தேங்கி, அழுத்தம் ஏறி, கிருமி மேலே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். 1972-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக் லாப்பிடஸ் என்ற மருத்துவர், சோப்புப் போட்டுக் கை கழுவி, சுத்தமான குழாயை நோயாளியே சில மணி நேரத்துக்கு ஒருமுறை விட்டு எடுத்தால் போதும், அறுவை அறை அளவுக்குக் கிருமிநீக்கம் தேவையில்லை என்று காட்டினார். அந்தக் காலத்தில் பல மருத்துவர்கள் முகம் சுளித்தார்கள். இன்று உலகம் முழுவதும் அதுதான் வழக்கம். புது மருந்தில்லை, ரோபோ இல்லை. எத்தனை சிறுநீரகம் பிழைத்தது!

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். கெத்தீட்டர் என்ற அந்தக் குழாயின் ஏற்றுமதியில் முன்னணியில் இருக்கும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. பேராக்கில் கமுண்டிங் பக்கம் அதற்கென்றே பெரிய தொழிற்சாலை ஓடுகிறது. ஆனால் செராஸ் ஃப்ளாட் ஒன்றில் நான் பார்த்த அண்ணன், ஒருமுறை போட்டுத் தூக்கியெறிய வேண்டிய குழாயைக் கழுவி, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டுக் காயவைத்து, மூடிபோட்ட மைலோ டின்னில் எடுத்து வைத்திருந்தார். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை குழாய் விட வேண்டும். தடவைக்கு ஒன்று என்று கணக்குப் போட்டால் மாதச் சம்பளத்தில் பெரிய துண்டு விழும். அவர் சோம்பேறியும் இல்லை, அறியாதவரும் இல்லை. கணக்குத் தெரிந்தவர்.

திரும்பப் பயன்படுத்தினால் கிருமித் தொற்று எவ்வளவு கூடும் என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே இன்னும் ஒத்த கருத்து இல்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் குழாய் எத்தனை மணி நேரத்தில் உலரும், எந்த முறையில் கழுவினால் கிருமி குறையும், எத்தனை தடவைக்குப் பிறகு தூக்கிப் போட வேண்டும்? இதை ஒரு முதுகலை மாணவர், ஒரு கிருமியியல் ஆய்வகம், வீட்டிலிருந்து மாதிரி கொண்டுவர ஒத்துக்கொள்ளும் முப்பது நோயாளிகள் என்று வைத்துச் செய்துவிடலாம். பணக்கார நாடுகளில் இந்தக் கேள்வி அவ்வளவாக எழாது, அங்கே புதுக் குழாய்க்கு அரசோ காப்புறுதியோ காசு கட்டிவிடுகிறது. நாம் கேட்காவிட்டால் வேறு யார் நமக்காகக் கேட்கப்போகிறார்கள்?

இன்னொன்று, இதை ஆராய்ச்சிக்காக மட்டும் சொல்லவில்லை, உங்கள் பையனுக்காகவும் சொல்கிறேன். நெஞ்சுப் பகுதி முதுகெலும்பில் ஆறாவது எலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு, கீழே எங்கேயாவது ஒரு தொந்தரவு என்றால் இரத்த அழுத்தம் திடீரென்று எகிறும். மூத்திரப்பை நிரம்பியிருக்கும், அல்லது மூத்திர டியூப் தொடைக்கு அடியில் மடங்கியிருக்கும். அவனுக்கு அது வலியாகத் தெரியாது. தலை மண்டையைப் பிளக்கும், முகம் சிவந்து வியர்க்கும். இவர்களுக்குச் சாதாரணமாகவே மேல் அழுத்தம் 90, 100 என்றுதான் இருக்கும். அதனால் 140 என்று காட்டினால் அவசரப் பிரிவில் ‘பரவாயில்லையே’ என்று உட்கார வைத்துவிடுவார்கள். அவனுக்கு அது ஆபத்தான ஏற்றம், பார்க்காமல் விட்டால் மூளையில் இரத்தக்கசிவு வரை போகும். செய்ய வேண்டியது: படுத்திருந்தால் உடனே நிமிர்த்தி உட்கார வைத்துக் காலைக் கீழே தொங்கவிடுவது, இறுக்கமான உடுப்பைத் தளர்த்துவது, டியூபின் மடிப்பை எடுப்பது, மூத்திரப்பையைக் காலி செய்வது, மலக்கட்டு இருக்கிறதா என்று பார்ப்பது. இறங்கவில்லை என்றால் ஆம்புலன்ஸ். இவ்வளவையும் மலாய், சீனம், தமிழ் மூன்றிலும் ஒரு சின்ன அட்டையில் அச்சடித்துப் பர்சில் வைத்துக்கொண்டு, அவசரப் பிரிவில் நீட்டினால் கவனிப்பு மாறுகிறதா என்று ஓராண்டு பார்த்துப் பதிவு செய்தால் அதுவும் ஆராய்ச்சிதான். இந்த மாதிரி வேலைக்குப் பெரிய நிதியங்களிடம் காசு கேட்டு விண்ணப்பம் போட ஆய்வாளர்களே கூச்சப்படுகிறார்கள்.

மலேசியாவில் யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். நாடு மொத்தமாக ஆராய்ச்சிக்குச் செலவிடுவது உள்நாட்டு உற்பத்தியில் 1 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்துவந்திருக்கிறது. 2030-க்குள் 3.5 சதவீதம் என்று அரசு இலக்கு வைத்திருந்தது. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெரும்பாலும் உயர்கல்வி அமைச்சின் அடிப்படை ஆராய்ச்சி மானியத்துக்கு விண்ணப்பிப்பார்கள். கருவி, தொழில்நுட்பம் என்றால் அறிவியல் அமைச்சு. அடிப்படை மானியம் இரண்டு மூன்று ஆண்டில் முடியும். முடிந்ததும் கட்டுரை வெளிவரும், மாணவர் பட்டம் வாங்குவார், செய்த கருவி அலமாரியில் தூசி படியும். அதை எடுத்து ஆஸ்பத்திரி வார்டில் ஆறு மாதம் பயன்படுத்திப் பார்க்கக் காசு கொடுக்க ஆள் கிடைப்பது அபூர்வம். நான் படித்த விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் ‘பிறகு என்ன’ என்ற கேள்விக்குப் பதிலே இருக்காது.

இதில் உண்மையான அக்கறை இருக்க வேண்டிய இடம் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ, அதாவது பெர்கேசோ. விழுந்தவருக்கு ஆயுசுக்கும் பென்சன் கட்டுவது அவர்கள்தான். ஒருவர் வேலைக்குத் திரும்பினால் அவர்களுக்கும் லாபம். 2007 முதல் வேலைக்குத் திரும்பும் திட்டம் நடத்துகிறார்கள், மலாக்காவில் மறுவாழ்வு மையம் இருக்கிறது, ஜப்பானின் ஹால் ரோபோ உடையையும் வாங்கி வைத்திருக்கிறார்கள். காலில் கொஞ்சமாவது அசைவு மிச்சம் இருப்பவர்களுக்கு அந்த உடை நல்ல பயிற்சிதான். ஆனால் பெரிய மனிதர் யாராவது வரும் நாளில் அந்த உடையைப் போட்டு நாலு அடி நடக்க வைத்துப் படம் எடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் வரும்: இதே மனிதர் வீட்டுக்குப் போனால் கழிவறைக் கதவுக்குள் சக்கர நாற்காலி நுழையுமா?

நல்ல வேலைகளும் நம் ஊரில் நடந்திருக்கின்றன, சொல்லாமல் விடக்கூடாது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் மறுவாழ்வு மருத்துவத் துறையும் உயிர்மருத்துவப் பொறியியல் துறையும் சேர்ந்து, செயலிழந்த கால் தசைக்கு மின்தூண்டல் கொடுத்து சைக்கிள் மிதிக்க வைப்பதைப் பல ஆண்டாக ஆராய்ந்திருக்கிறார்கள். மிதித்து ஊர் போய்ச் சேர அல்ல, இதயமும் தசையும் கெடாமல் இருக்க. அதேபோல் 22 நாடுகளில் 12,000-க்கும் மேற்பட்ட தண்டுவட நோயாளிகளிடம் அன்றாட வாழ்க்கையைப் பற்றி நடத்திய பன்னாட்டுக் கணக்கெடுப்பில் மலேசியாவும் இருந்தது. யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்குப் புண் வந்தது, யார் வெளியே போக முடியாமல் இருக்கிறார்கள் என்று தெரியாமல் எதற்குக் காசு ஒதுக்குவது? இந்தப் பதிவேட்டு வேலைக்கு நன்கொடையாளர் வரிசையில் நிற்பதில்லை. பெயர்ப்பலகை மாட்ட இடமில்லாத வேலை அது.

கைக்கு வருவோம். ஆன்வர்ட் என்ற நிறுவனம் கழுத்துத் தோலின் மேல் ஒட்டும் மின்தூண்டல் கருவியை 60 பேரிடம் சோதித்து 2024-இல் முடிவை வெளியிட்டது. அறுவை இல்லை. முதல் இரண்டு மாதம் பயிற்சி மட்டும், அடுத்த இரண்டு மாதம் பயிற்சியோடு தூண்டல். 72 சதவீதம் பேருக்குக் கையின் பலமும் செயலும் கூடின. அவர்களில் அடிபட்டுப் பல ஆண்டு கழிந்தவர்களும் உண்டு. அந்த ஆண்டு டிசம்பரிலேயே அமெரிக்க அனுமதியும் கிடைத்தது. செய்தித்தாள் கருவியின் படத்தைத்தான் போட்டது. நான் பார்த்தது அந்த நான்கு மாதப் பயிற்சியை. நம் அரசாங்க ஆஸ்பத்திரியில் வார்டை விட்டுப் போன பிறகு ஒருவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் பிசியோ கிடைக்கிறது? நாளைக்கே கருவியை இலவசமாகக் கொடுத்தாலும் அதைப் பக்கத்தில் நின்று பழக்க ஆள் வேண்டும். அதனால் இளம் பிசியோ, தொழில்வழி சிகிச்சையாளர், மறுவாழ்வுத் தாதி இவர்களின் பயிற்சிக்குப் போகும் காசையும் ஆராய்ச்சிக் காசாகவே எண்ணுங்கள்.

வெளிநாட்டு நிதியங்களுக்குக் கொடுக்க ஆசைப்பட்டால் தடையில்லை. ஆஸ்திரியாவின் விங்ஸ் ஃபார் லைஃப் 2004-இல் தொடங்கியது. நிர்வாகச் செலவை ரெட் புல் ஏற்றுக்கொள்வதால் நன்கொடை முழுவதும் ஆராய்ச்சிக்குப் போகிறது. 2014 முதல் ஆண்டுதோறும் மே மாதம் உலக ஓட்டம் நடத்துகிறார்கள். செயலியை இறக்கிக்கொண்டு தித்திவங்சா ஏரிப் பூங்காவிலேயே உங்கள் பையன்கள் ஓடலாம், சக்கர நாற்காலியிலும் சேரலாம். பெரிய சிகிச்சைக் கனவுக்கு உங்கள் பங்கு வேண்டுமானால் அந்த நுழைவுக் கட்டணம் போதும். அமெரிக்காவின் நீல்சன் அறக்கட்டளை, செல், மருந்து மட்டுமல்லாமல் மனநலம், குடும்பம், வேலை பற்றிய ஆய்வுக்கும் தனியாக ஒதுக்குகிறது. எனக்குப் பிடித்த போக்கு அது. இங்கே அப்படி ஒன்று வர வேண்டும்.

சரி, முப்பதாயிரம். அதைத் தொடுவதற்கு முன் சொக்சோ கணக்கைப் பாருங்கள். டெலிவரிப் பையன்கள் 2017-ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவார்கள். அவன் பதிவு செய்து சந்தா கட்டியிருந்து, ஆர்டர் எடுத்துப் போகும்போது விழுந்திருந்தால் நிரந்தர ஊனப் பலன் உண்டு. முழு ஊனம் என்று மருத்துவக் குழு முடிவு செய்து, எப்போதும் ஒருவர் உதவி தேவை என்றும் சொன்னால் மாதம் 500 வெள்ளி பராமரிப்புப் படியும் உண்டு. போலீஸ் ரிப்போர்ட், அன்றைய ஆர்டர் பதிவு, ஆஸ்பத்திரிக் கடிதம் மூன்றையும் தேடி எடுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான ஓகேயு கார்டு இன்னும் எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே. அரசாங்க ஆஸ்பத்திரியில் அது கட்டணத்தைக் காப்பாற்றும். குடும்பத்தார் வாங்கும் துணைக்கருவிகளுக்கு வருமான வரியில் 6,000 வெள்ளி வரை கழிவு இருக்கிறது.

அவனுக்கென்று பெரிய பங்கை எடுத்து வையுங்கள். காற்றுக் குஷன் நல்லதாக ஒன்று, ஆயிரம் வெள்ளியைத் தாண்டும், கஞ்சத்தனம் வேண்டாம். வாங்கியதும் அவனை உட்கார வைத்து, உட்காரும் எலும்புக்கு அடியில் உங்கள் கையை விட்டுப் பாருங்கள். எலும்புக்கும் அடித்தளத்துக்கும் நடுவே ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகக் காற்று இருக்க வேண்டும். கை நசுங்கினால் காற்றுப் போதாது, அவன் தக்கை போல ஆடினால் காற்று அதிகம். இதை வாரம் ஒருமுறை பார்க்க அம்மாவுக்குச் சொல்லிக்கொடுங்கள். பிறகு கழிவறைக் கதவை அகலமாக்குவது, ஓராண்டுக்கான கெத்தீட்டர்.

மிச்சம் பத்தாயிரம் இருந்தால் ஆராய்ச்சிக்கு. பொதுப் பல்கலைக்கழகம் ஒன்றின் மறுவாழ்வு மருத்துவத் துறையை நேரில் போய்ப் பாருங்கள். பொது நிதியில் போடாமல், இன்ன ஆய்வுக்கு என்று எழுத்தில் குறிப்பிட்டுக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் அந்த ஆய்வாளரிடம் கேளுங்கள்: விண்ணப்பம் எழுதும்போது சக்கர நாற்காலியில் இருக்கும் யாராவது அதைப் படித்துப் பார்த்தார்களா? காசு தீர்ந்த பிறகு இந்த வேலையை எந்த வார்டு, யார் தொடர்வார்கள்? முடிவு சாதகமாக இல்லாவிட்டாலும் வெளியிடுவீர்களா? முதல் கேள்விக்கே தடுமாறினால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கதவைத் தட்டுங்கள். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்ற நிதிக்குக் கொடுத்தால் நன்கொடையாளர்களுக்கு மொத்த வருமானத்தில் 10 சதவீதம் வரை வரிக்கழிவு உண்டு. ரசீது யார் பெயரில் போக வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், மன்றத்தின் பெயரில் ஒரே ரசீதாக வாங்கினால் தனிநபர் யாரும் கழிவு கேட்க முடியாது.

தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தலோடு உண்டியலும் வைக்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். பொது இடத்தில் வசூலிக்க 1947-ஆம் ஆண்டின் வீடு வீடாக மற்றும் தெருவில் வசூலித்தல் சட்டப்படி போலீஸ் உரிமம் வேண்டும். மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் நேரத்தோடு விண்ணப்பியுங்கள், கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள். உண்டியல் இரண்டாக வையுங்கள், ஒன்றில் பையனின் செலவுக்கு, இன்னொன்றில் ஆராய்ச்சிக்கு என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். போடுகிறவர் எதற்குப் போடுகிறோம் என்று தெரிந்து போடட்டும், பிறகு பொதுக்கூட்டத்தில் கணக்குக் கேட்கும்போது உங்களுக்கும் சிக்கலில்லை.